மோட்டார் வண்டியின் குளிர்காற்றும் அதன் தீநாற்றமும்

ஐம்புலன்களுள் மூக்கின்கண் அமைந்த புலனுக்கு நாம் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை. உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர் மெய்யையும் நாவையும் அடுத்து மூன்றாவதாக மூக்கை வைத்தனர். கண்ணும் செவியும் அதற்கு மேற்பட்டன. வரிசையில் மூன்றாவதாயினும், கண்ணுக்குப் புலப்படாததும் செவிக்கு எட்டாததுமாகிய ஒரு கேட்டை நமக்கு முதலில் அறிவிப்பது பல சமயங்களில் மூக்கேயாம். பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்னுஞ் சொல் நறுமணத்தைக் குறித்து நின்றது. இக்காலத்து அஃது இழிந்த பொருளிலேயே வழங்குகின்றது. இதனை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். இக்கட்டுரையில் யானும் அவ்விழிந்த பொருளிலேயே அச்சொல்லை ஆளுகின்றேன். ஏனெனில் ஈண்டுப் பேசப் புகுந்தது மோட்டார் வண்டியின் குளிரூட்டியினின்று வரும் கெட்ட வாடையைப் பற்றியாகும்.

காலையில் வண்டியினுள் ஏறி, கதவை அடைத்து, குளிரூட்டியை இயக்கிய மாத்திரத்தில், நனைந்த கந்தையின் வாடையோ, துவைக்காத காலுறையின் வாடையோ, புளித்த பண்டத்தின் வாடையோ முகத்தில் வந்து மோதுதல் நம்மிற் பலர் அறிந்ததே. சில நிமிடங்களில் அது குறைந்து விடும். அல்லது குறைந்து விட்டதாக நமக்குத் தோன்றும். மறுநாட் காலையில் மீண்டும் வரும். இதற்கு மருந்து என்று பெரும்பாலோர் கருதுவது, கண்ணாடியின் கீழ்த் தொங்கவிடும் ஒரு வாசனைப் புட்டியே. அது மருந்தன்று என்பதும், நோயின் இருப்பிடம் வேறு என்பதும், அவ்விருப்பிடத்தை உலர வைத்தலே உண்மையான மருந்து என்பதும் என் கருத்து. அதனை விளக்குதற்குக் குளிர்காற்று எங்ஙனம் உண்டாகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

பனிக்கட்டி இட்ட நீரை ஒரு தம்ளரில் வார்த்து மேசைமேல் வைத்தால், சிறிது நேரத்தில் தம்ளரின் வெளிப்புறம் முழுதும் முத்து முத்தாக நீர் துளிர்க்கக் காண்கின்றோம். அந்நீர் தம்ளரினின்று கசிந்ததன்று; சுற்றியுள்ள காற்றில் ஆவியாய்க் கலந்திருந்த நீரே குளிர்ந்த பரப்பைத் தீண்டித் துளியாயிற்று. மோட்டார் வண்டியின் குளிரூட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. கம்ப்ரஸர் என்னும் அழுத்தும் பொறி ஒருவகை வாயுவை அழுத்திச் சூடாக்குகின்றது. வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்ஸர் அச்சூட்டை வெளியே விட்டு வாயுவைத் திரவமாக்குகின்றது. அத்திரவம் ஒரு நுண்ணிய துளை வழியே பாய்ந்து, டாஷ்போர்டின் உள்ளே மறைந்திருக்கும் மற்றொரு சுருளில் ஆவியாகின்றது. ஆவியாகும் பொருள் தன் அண்மையிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து கொள்ளும் ஆதலின் அச்சுருள் மிகக் குளிர்கின்றது. பட்டறைக்காரர் இதனைக் 'கூலிங் காயில்' என்பர். புத்தகத்தின் ஏடுகளைப் போல நெருக்கமாய் அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகளை உடையது இது. ப்ளோயர் என்னும் விசிறி இத்தகடுகளினூடே காற்றைச் செலுத்த, அக்காற்றே குளிர்ந்து நம் முகத்தில் வீசுகின்றது.

ஈரமான காற்றைப் போதிய அளவு குளிர்வித்தால் அதனினின்று நீர் பிரிந்தே தீரும். இக்காலக் குளிரூட்டி இயந்திரத்தின் வரலாறே ஈரத்தை அடக்குதற் பொருட்டுத் தொடங்கியதென்பது பலர் அறியாதது. 1902-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடமொன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்துஞ் சுருங்கியும் வண்ண அச்சுக் கெட்டு வந்தது. அதனைத் தடுக்கவே வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறிவல்லுநர் தமது அமைப்பைத் திட்டமிட்டார். மக்களின் உடற்குளிர்ச்சி பின்னர்க் கிடைத்த பேறு. மோட்டார் வண்டியில் இவ்வசதியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தவர்களுள் முதல்வர் பாக்கர்டு நிறுவனத்தார். 1940-ஆம் ஆண்டு வண்டிகளில் அவர்கள் அமைத்த குளிர்ச்சுருள் பின்னிருக்கைக்கும் பின்னால் இருந்தது.

நீர் எவ்வளவு பிரியும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 30 பாகை செல்ஸியஸ் வெப்பமும் நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதமும் உடைய கடற்கரை நகரத்துக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. அதனை 10 பாகைக்குக் குளிர்வித்தால் 9 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவே அதில் தங்கும். எஞ்சிய 15 கிராமும் நீராய் விழும். மணிக்கு 200 கன மீட்டர் வெளிக்காற்று அச்சுருள் வழியே செல்வதாகக் கொண்டால், ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் இறங்கும். உட்காற்றையே சுழலவிட்டால் இத்துணை இராது, எனினும் சிறிதாகாது. சென்னை போன்ற நகரங்களில் நின்ற வண்டியின் அடியில் தேங்குகின்ற நீரைக் கண்டு, ஏதோ உடைந்து ஒழுகுகின்றது என்று அஞ்சுவாரும் உளர். அஃது அஞ்சத்தக்கதன்று; மகிழத்தக்கது. சுருளினின்று வடியும் நீர் ஒரு சிறு குழாயின் வழியே தரைக்கு இறங்குகின்றது என்பதற்கு அதுவே சான்று. நீர் சொட்ட வேண்டிய நாளில் சொட்டாமையே கவலைக்குரியது.

வடிந்தது போக எஞ்சியதே கேட்டிற்கு மூலம். தகடுகளின் நெருக்கத்தில் நீர் ஒட்டி நிற்கும். வண்டியை நிறுத்தி, பூட்டிச் சென்றபின், அவ்விடம் இருளும் ஈரமும் மிதமான வெப்பமும் உடையதாகின்றது. தெருப் புழுதியும் மகரந்தமும், நம் தோலினின்று உதிரும் நுண்ணிய செதில்களும், உடையின் நூற்பிசிறும் முன்னமே அங்குப் படிந்திருக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்க்கும் இதனினும் சிறந்த வயல் வேறில்லை. இத்தகைய சுருள்களை ஆராய்ந்தவர்கள் பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் முதலிய பூஞ்சை வகைகளைக் கண்டிருக்கின்றனர். அவை தின்று செரித்து வெளிவிடும் பொருள்களே நாம் உணரும் நாற்றம். அமெரிக்காவிலும் பிறவிடங்களிலும் வீட்டுக் குளிரூட்டியில் இது தோன்றும்போது 'அழுக்குக் காலுறை நோய்' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர், பெயர் பொருத்தமே.

ஈண்டு ஒரு விந்தை குறிப்பிடத்தக்கது. முதல்மழை பெய்தவுடன் எழும் மண்வாசனையைப் போற்றாதார் இலர். அவ்வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று ஜியாஸ்மின் என்பது. அதனை ஆக்குவனவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே. மனிதனது மூக்கு அதனை வியக்கத்தக்க சிறிய அளவிலும் கண்டு கொள்ளும். வயல்வெளியில் நம் உள்ளத்தைக் குளிர்விக்கும் அவ்வாடையே பூட்டிய அறையில் வீசினால் 'பூசணம்' என்று முகஞ்சுளிக்கின்றோம். பொருள் ஒன்றாயினும் இடத்தால் பயன் வேறுபடுகின்றது. திணைக்குரிய பொருள் திணைமாறி வந்தால் மயக்கம் என்போம் அன்றோ? இதுவும் ஒருவகைத் திணைமயக்கம் எனலாம்.

இனி வாசனைப் புட்டிக்கு வருவோம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் கல்வெட்டுக்களைக் காணும் பொருட்டு வாடகை வண்டியொன்றில் நெடுந்தூரம் சென்றோம். வண்டியில் மல்லிகை, எலுமிச்சை, பெயரறியாத வேறொன்று என மூன்று வாசனைகள் இருந்தன. அவற்றின் கீழே நான்காவதாகப் பூசணமும் இருந்தது. ஓட்டுநரிடம் வினவியபோது அவர், "அது ஏ.ஸி. வாசனை தம்பி, எல்லா வண்டியிலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். எங்களுள் இழைப்பு நோயுடைய நண்பர் ஒருவர் அரைமணிப் பொழுதிற்குள் மூச்சுத் திணறி, வழியில் இறங்கி, மருந்தை உறிஞ்சிய பின்னரே தேறினார். எஞ்சிய வழி முழுதும் சாளரங்களைத் திறந்து கொண்டே சென்றோம். அவருக்குத் தீங்கு செய்தது பூசணமோ, வாசனையோ, இரண்டுமோ என்று யாம் அறுதியிட்டுக் கூற இயலாது. இரண்டும் அத்தகைய நோயாளரைத் தூண்டவல்லன என்பது மருத்துவர் அறிந்தது. ஆதலின் இஃது வெறும் அருவருப்பைப் பற்றிய பேச்சன்று.

ஓட்டுநர் பொய் கூறினாரென்று யான் நினைக்கவில்லை. ஒரே வாடையில் நெடுநேரம் இருப்பவனது மூக்கு அதனை உணர்தலை விட்டுவிடும். இது மூக்கின் இயல்பு. நாள்தோறும் அவ்வண்டியில் இருப்பவர்க்கு அந்நாற்றம் இல்லாததே போலாம். ஆதலின் வண்டியுடையார் தம் மூக்கை நம்புதல் தகாது. இரவு முழுதும் அடைத்திருந்த வண்டியைக் காலையில் திறக்கும் முதற் கணத்தில் முகர்தல் ஒரு வழி. அவ்வண்டியில் பழகாத நண்பரொருவரை முகரச் சொல்லுதல் அதனினும் நல்ல வழி.

மற்றொரு பிழையும் வழங்குகின்றது. குளிரூட்டியில் 'காஸ்' குறைந்தமையால் நாறுகின்றதென்றும், அதனை நிரப்பினால் நாற்றம் அகலுமென்றும் சில பட்டறைகளிற் கூறுவர். குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுள் சுழல்வது, அது தேய்ந்து தீர்வதில்லை, கசிந்தாலன்றிக் குறையாது, ஏறத்தாழ மணமும் அற்றது. பூஞ்சைக்கும் அதற்கும் உறவில்லை. இதன் பொருட்டுப் பணங் கொடுப்பது, வயிற்றுவலிக்குக் கண்ணாடி வாங்குவதை ஒக்கும்.

நாற்றத்தை நீக்கப் புகுவார் முதலில் எளியவற்றைப் பார்க்க வேண்டும். நம் கல்லூரியில் ஆசிரியர்களின் வண்டிகள் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலிலேயே நிற்கின்றன. முன்கண்ணாடியின் அடியில், என்ஜின் மூடிக்குப் பின்னால், வெளிக்காற்றுப் புகும் பிளவொன்று உண்டு. இலையும் பூவும் அதனுள் விழுந்து, மழையில் நனைந்து, அங்கேயே மக்கும். அந்த மட்கின் மீது தவழ்ந்த காற்றையே நாம் சுவாசிக்கின்றோம். கையால் அள்ளி எறிந்தாலே பாதிக் குறை தீருவதுண்டு. அடுத்தது கேபின் பில்டர். மடித்த காகிதம் போன்ற இவ்வடிகட்டி பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கத்துச் சிறு பெட்டியின் பின்னால் இருக்கும். வெளியே எடுக்கத் தொழிலாளர் உதவியும் பலகாலும் வேண்டாம். ஆண்டிற்கொரு முறையேனும், புழுதி மிக்க ஊர்களில் அதற்கு முன்னரும், இதனை மாற்ற வேண்டும். எத்தனை ஆயிரங் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது வண்டியோடு வரும் கையேட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். தட்டி உதறி மீண்டும் இடுதல் புழுதிக்குப் பயன்படலாம். ஈரங்கோத்துப் பூசணம் பிடித்த தாளை உதறுவதாற் பயனில்லை. கரித்தூள் சேர்த்த வடிகட்டிகளும் விற்கின்றன. அவை வெளியினின்று வரும் புகைவாடையை ஓரளவு ஈர்க்கும். ஆனால் வடிகட்டிக்கு அப்பால் உள்ள சுருளிற் பிறக்கும் நாற்றத்தை அவை தடுக்கமாட்டா.

வடிகுழாயையும் பார்த்தல் வேண்டும். புழுதியாலோ குளவி கட்டிய மண்ணாலோ அது அடைபட்டால், நீர் பெட்டியினுள்ளேயே தேங்கும். வண்டி வளைவில் திரும்பும்போது உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்கும். பின்னர் முன்னிருக்கையின் கீழ்க் கம்பளம் நனையும். குழாயைத் தொழிலாளி ஒருவர் காற்றழுத்தியோ மெல்லிய வளையுங் கம்பி கொண்டோ திறந்து விடுவார். கூரிய கம்பியால் குத்துதல் ஆகாது.

இவையெல்லாம் ஒருநாட் பணி. நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே: உலர்த்துதல். போய்ச் சேருமிடத்திற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, குளிர்ச்சியின் பொத்தானை மட்டும் நிறுத்திவிட்டு, விசிறியை வேகமாக ஓடவிட வேண்டும். உட்காற்றுச் சுழற்சியை விடுத்து வெளிக்காற்றை உள்ளே வர விட வேண்டும். சுருள் வெளிக்காற்றின் வெப்பத்தை அடைய, ஒட்டிய நீர் ஆவியாய்ப் போகும். தொடக்கத்தில் ஈரமும் வெப்பமுமாகிய காற்று வீசும். சாளரத்தைச் சிறிது தாழ்த்தினால் அத்துன்பமும் தீரும். கடைசி ஐந்து நிமிடம் வியர்க்கச் சம்மதிப்பவர்க்கு இம்மருந்து செலவின்றிக் கிடைக்கின்றது. சித்திரை வெயிலில் இதனைச் செய்ய மனம் எளிதில் ஒருப்படாது என்பதை அறிவேன். அதனாற்றான் வாசனைப் புட்டி விற்கின்றது.

மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாயிருத்தலின் விசிறி மட்டும் போதாது. அப்போது ஹீட்டர் உதவும். நம் நாட்டு வண்டிகளிற் பலவற்றில் வெப்பமூட்டும் ஹீட்டர் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகாதவர் அதனைத் தீண்டுவதே இல்லை. திறந்த வெளியில், சாளரங்களைத் திறந்து வைத்து, குளிர்ச்சியை நிறுத்தி, வெப்பத்தை முழு அளவில் வைத்து, பத்து நிமிடம் விசிறியை ஓட்டினால் காற்று செல்லும் வழி முழுதும் உலரும். என்ஜினை நிறுத்திய பின்னர்த் தானாகவே விசிறியைச் சிறிது நேரம் சுழலச் செய்து சுருளை உலர்த்தும் அமைப்பைச் சில புதிய வண்டிகளில் இப்பொழுது பொருத்துகின்றனர். ஐந்து நிமிட வியர்வையை மனிதர் ஏலார் என்பதை அறிந்தே பொறிவல்லுநர் அவ்வேலையைப் பொறியிடம் ஒப்புவித்தனர் போலும்.

முன்னமே பூசணம் வேரூன்றிய சுருளுக்கு உலர்த்துதல் மட்டும் போதாது, கழுவவும் வேண்டும். இதற்கென நுரையாய்ப் பீறிடும் மருந்துகள் உதிரிப்பொருட் கடைகளில் விற்கின்றன. விசிறியின் வாய் வழியாகவோ வடிகுழாயின் வழியாகவோ நீண்ட குழலால் சுருளின் மேல் இதனைச் செலுத்தி, குறித்த நேரம் ஊறவிட்டு, வடிந்தபின், கதவுகளைத் திறந்து வைத்து விசிறியை ஓட்ட வேண்டும். காற்று வரும் துளைகளில் மேலெழுந்தவாரியாகத் தெளிப்பது சுருளை எட்டாது. அது வாசனைப் புட்டியின் தம்பி. பிளீச்சிங் பொடியைக் கரைத்து ஊற்றுவது பெருந்தவறு. அது அலுமினியத் தகடுகளை அரிக்கும். அமிலம் கலந்த வேறு மருந்தோடு சேர்ந்தால் நச்சுப்புகையாகிய குளோரினையும் எழுப்பும். ஓசோன் வாயுவைச் செலுத்தும் முறையும் உண்டு. அது நுரையீரலைப் புண்படுத்துவது. ஆளில்லாத வண்டியில் மட்டுமே, அறிந்தவர் கையால், செய்யத்தக்கது.

இதுகாறும் சொல்லியது ஈரத்தாற் பிறந்த நாற்றத்தைப் பற்றியது. எல்லா நாற்றமும் அதுவன்று. பாகு போன்ற இனிய வாடை வந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான மூடுபனி படிந்தால், அது என்ஜினைக் குளிர்விக்கும் கிளைக்கால் என்னும் நஞ்சுடைய திரவம் ஹீட்டரினின்று கசிதலாகும். இனிமையைக் கண்டு மயங்காது பட்டறைக்குச் செல்ல வேண்டும். ரப்பர் கருகும் வாடை பட்டை வழுக்குதலையோ கம்ப்ரஸர் இறுகுதலையோ காட்டும். பெட்ரோல் வாடையெனின் வண்டியை உடனே நிறுத்தி இறங்குதலே தக்கது. என்ஜின் புகையின் வாடை வண்டியினுள்ளே வருமாயின், அதனோடு கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவும் வருகின்றதென்று கொள்ள வேண்டும். அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளை அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட பற்றோடு பிணித்துக் கொள்ளும். தலைவலியும் குமட்டலும் உறக்கமுமே அதன் தூதுவர். நின்ற வண்டியில் என்ஜினை ஓடவிட்டு, குளிர்காற்றில் உறங்கியவர் எழாமற் போன செய்திகள் நம் நாளிதழ்களில் வந்ததுண்டு. புகைக்குழாயில் ஓட்டையிருந்தபோது அதனை உணர்த்தக்கூடியது உடன்வரும் புகைவாடை ஒன்றே. மூன்று வாசனைகளைத் தொங்கவிட்ட வண்டியில் அத்தூதன் சொல் எங்ஙனம் கேட்கும்? வாசனைப் புட்டியின்பால் எனக்குள்ள பகைமைக்குப் பெரிய காரணம் இதுவே.

எலியைப் பற்றி ஒரு சொல். இரவில் வெப்பம் நாடிக் காற்றுப் பாதையினுள் புகுந்து இறந்த எலியின் நாற்றத்தை எவரும் பூசணத்தோடு மயங்கார். ப்ளோயரைக் கழற்றுவதன்றி அதற்கு வேறு வழியில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் நிலை வேறு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் நீருள் நின்றன. அவற்றில் நாற்றம் சுருளில் மட்டும் இராது. கம்பளத்தின் அடியிலுள்ள தடித்த பஞ்சு, சாக்கடை கலந்த நீரைக் குடித்துப் பல வாரங்கள் விடாது பிடித்திருக்கும். மேலே உலர்ந்து காணப்படினும் உள்ளே ஈரமாயிருக்கும். இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தையும் பஞ்சையும் வெளியே எடுத்து வெயிலில் இட்டாலன்றி, சுருளை எத்தனை முறை கழுவினும் பயனில்லை. பஞ்சு கெட்டிருப்பின் புதியது இடுவதே முறை. பழைய வண்டி வாங்கப் போகின்றவர்கள், உள்ளே வாசனை மிகுந்து வீசினால், முன்னிருக்கையின் கீழ்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்திப் பார்ப்பாராக. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பதும் நன்று. வெள்ளம் ஏறிய அளவு அதில் சேற்றுக் கோடாய்ப் பதிந்திருப்பதுண்டு.